நன்றியும் உரிமையும்
கனடாவின் இரு அகதி நாவல்களை முன்வைத்து

அகதிகளைப் பற்றிய எழுத்துக்கள் பெருகிவரும் இக்காலத்தில், அவ்வெழுத்துக்களை மதிப்பிடுவோரிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. அடைக்கலம் அளித்தவரின் அன்பு எத்துணை, அதற்கு அகதி காட்டும் நன்றி எத்துணை என்று அளந்து பார்ப்பதே அப்பழக்கம். அன்பும் நன்றியும் உயர்ந்த பண்புகளே. ஆயினும், வீடிழந்து நாடிழந்து எல்லை கடந்து வரும் மனிதனுக்கு மற்றொரு நாடு செய்யக் கடமைப்பட்டது யாது, அக்கடமையைச் செய்ய வேண்டியவர் யாவர் என்னும் வினாக்களை அப்பண்புகளின் புகழுரை மூடி மறைத்துவிடுமாயின், இலக்கிய விமர்சனம் அவ்விடத்தில் வாளாவிருத்தல் தகாது.

அகதிகளைப் புதிய மண்ணில் வேரூன்றச் செய்யும் பொறுப்பு அரசினுடையதா, மக்கட் குழுக்களினுடையதா என்பது மேலைநாடுகளில் இன்று பெரிதும் வாதிக்கப்படும் பொருள். இவ்வாதத்தில் எவரும் முதலில் எடுத்துக்காட்டும் நாடு கனடா. 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் அங்கு ஒரு புதிய ஏற்பாட்டைத் தோற்றுவித்தது. ஒரு தேவாலயமோ, ஒரு சங்கமோ, ஐந்து பேர் கூடிய ஒரு குழுவோ ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்று வரவழைக்கலாம். அக்குடும்பத்தின் வீடு, உணவு, உடை முதலியவற்றின் செலவை ஓராண்டு காலம் அக்குழுவே தாங்க வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்ப்பதிலும், நோயுற்றோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதிலும், வேலை தேடுவதிலும் துணைநிற்க வேண்டும். இதுவே தனியார் அனுசரணை. அரசு தன் செலவில் வரவழைக்கும் அகதிகளும் அதே நாட்டில் உளர். அவர்களுக்கும் ஓராண்டு காலம் உதவிப்பணம் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டுவோர் அரசின் நிதி பெற்று இயங்கும் நிறுவனங்களின் ஊழியர். இவ்விரு முறைகளும் ஒரே நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அருகருகே இயங்கி வந்துள்ளமையால், ஒப்புநோக்குவதற்கு இதனினும் வாய்ப்பான களம் வேறில்லை.

அக்களத்தில் விளைந்த இரு நாவல்கள் எம் முன் உள்ளன. ஒன்று, வியட்நாமிய அகதியான கிம் துய் பிரெஞ்சு மொழியில் எழுதி 2009இல் வெளிவந்த 'ரு'. மற்றையது, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷரன் பாலா ஆங்கிலத்தில் எழுதி 2018இல் வெளிவந்த 'படகு மக்கள்'. முன்னையதில் ஓர் ஊர் அகதியை அணைத்துக்கொள்கிறது. பின்னையதில் ஓர் அரசு அகதியைச் சிறைவைத்து விசாரிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர், மக்கள் நல்லவர், அரசு கொடியது. ஆதலின் அகதிகளை மக்களின் கையில் ஒப்படைத்துவிடுவதே சிறந்தது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடக்கூடும். இம்முடிவு பிழையானது என்பதே எமது கருத்து.

'ரு' நாவலின் கதைசொல்லி 1968இல் சைகோனிற் பிறந்தவள். வசதியான குடும்பம், போரின் முடிவில் எல்லாம் கைவிட்டுப் போகிறது. படகிலேறி, மலேசியாவின் அகதி முகாமொன்றில் தங்கி, கியூபெக் மாகாணத்தின் கிரான்பி என்னும் சிறு பட்டினத்தை அக்குடும்பம் வந்தடைகிறது. ஆசிரியையின் வாழ்வும் இதே தடத்திற் சென்றதே. அவ்வூர் மக்களின் பரிவை நாவல் மிகுந்த கனிவோடு பேசுகிறது. 2010இல் கனடாவின் ஆளுநர் நாயகம் பரிசு இந்நாவலுக்குக் கிடைத்தது; 2015இல் அந்நாட்டின் தேசிய வானொலி நடத்தும் நூற் போட்டியிலும் இதுவே வென்றது. நன்றியுணர்வின் காவியமாகவே பலர் இதனைக் கொண்டாடினர்.

ஆனால் அந்நாவலில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சியை இக்கொண்டாட்டக்காரர் ஊன்றி நோக்கியதாகத் தெரியவில்லை. துணைநிற்கும் ஊரவரோடு பழம்பொருட் சந்தைக்குச் சென்று குடும்பம் மெத்தைகளை வாங்குகிறது. மெத்தைகளில் தெள்ளுப்பூச்சி. குடும்பத்தினர் கடிபடுகின்றனர், ஆனால் அதை ஊரவரிடம் சொல்வதில்லை. தமக்காக நேரத்தையும் நெஞ்சையும் தந்தவர்களிடம் குறைகூற நா எழவில்லை. கிம் துய் இதனை ஒரு குற்றச்சாட்டாக எழுதவில்லை. மென்னகையோடு எழுதிச் செல்கிறார். எனினும் கலைஞரின் நேர்மை, அவரது நோக்கத்தையும் கடந்து ஓர் உண்மையைப் பதிவுசெய்துவிடுகிறது. கொடுப்பவன் நல்லவனாயிருக்கும்போதுங்கூட, பெறுபவனின் வாய் கட்டப்படுகிறது என்பதே அவ்வுண்மை.

எமது பழைய இலக்கிய மரபை அறிந்தோருக்கு இவ்வுறவு புதிதன்று. புரவலனிடம் பரிசில் பெற்ற பாணன் அவனைப் பாடினான். பரிசில் குறைந்தபோது மனம் நொந்து பாடிய புலவரும் இருந்தனர். ஆனால் அவர்கள் வேறு புரவலனை நாடிச் செல்லும் வழி இருந்தது. புதிதாக வந்த அகதிக்கோ மொழி தெரியாது, ஊர் தெரியாது, வேறு புரவலனும் இல்லை. சட்டப்படி அவன் பெறும் வதிவிட உரிமை அனுசரணையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஆயினும் அன்றாட வாழ்வில் அவனுக்குக் கதவு திறக்கும் கை அவர்களுடையதே. அக்கை நோகும்படி அவன் பேசான். அரச அலுவலகத்தில் ஒரு படி குறைந்தால் முறையிடலாம், மேன்முறையீடு செய்யலாம், பத்திரிகைக்கு எழுதலாம். அன்பளிப்பில் குறை இருந்தால் முறையிடுவது எங்ஙனம்?

இங்ஙனம் கூறுவதால் கனடிய மக்களின் பணியை நாம் சிறுமைப்படுத்துகிறோம் எனக் கொள்ளலாகாது. 1979ஆம் ஆண்டின் வரலாறு அத்தகைய சிறுமைக்கு இடந்தராதது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளின் அகதிகள் தென்கிழக்காசிய முகாம்களில் நிறைந்திருந்த காலம் அது. அவ்வாண்டு ஜூலையில், 50,000 பேரை ஏற்பதாகக் கனடிய அரசு அறிவித்தது. மக்கள் ஓர் அகதியைப் பொறுப்பேற்றால் அரசும் ஓர் அகதியைப் பொறுப்பேற்கும் என்பது அரசு வகுத்த சூத்திரம். ரொறன்ரோவிலே தத்துவப் பேராசிரியர் ஹவார்ட் அடெல்மனின் வீட்டிற் கூடிய கூட்டம் 'ஒப்பரேஷன் லைஃப்லைன்' என்ற இயக்கமாக வளர்ந்தது. ஒட்டாவா நகர முதல்வர் மரியன் டுவார் அம்மையார், தமது நகரம் மட்டும் 4,000 பேரை ஏற்கும் என்றார். தேவாலயங்களிலும் தொழிலிடங்களிலும் அண்டை அயலிலும் குழுக்கள் தோன்றின. 1980இன் முடிவுக்குள் வந்த ஏறத்தாழ 60,000 அகதிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் தனியார் அனுசரணையில் வந்தோரே. 1986இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் தனது நான்சன் விருதைக் கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கிற்று.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபக்கம் அத்துணை அடிக்கடி நினைவுகூரப்படுவதில்லை. மக்களின் ஆர்வம் எதிர்பார்ப்பை விஞ்சியதும், 1979 டிசம்பரில் அரசு தன் சூத்திரத்தைக் கைவிட்டது. தனியார் பொறுப்பேற்றோரின் மிகுதி, அரசு ஏற்பதாகச் சொன்ன தொகையிலிருந்தே கழிக்கப்படும் என்றாயிற்று. அதாவது, அரசின் கடமைக்கு மேலாகத் தாம் செய்வதாக மக்கள் எண்ணியிருந்தது, அரசின் கடமைக்குப் பதிலாகச் செய்ததாக மாற்றப்பட்டது. அனுசரணைக் குழுக்கள் இதனை வஞ்சனையெனக் கருதிக் கொதித்தன. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியபின் மேலும் 10,000 பேரை அரசு ஏற்றது. கணக்கு ஓரளவு நேராயிற்று. ஆயினும் அரசு எத்திசையில் நழுவ முற்படும் என்பதை முதலாண்டிலேயே வரலாறு காட்டிவிட்டது.

இனி, தனியார் அனுசரணையை ஆதரிப்போரின் வலுவான வாதத்தை நேர்மையாக எதிர்கொள்வோம். அனுசரணையில் வந்தோர் விரைவில் வேலை பெறுகின்றனர் என்பதே அவ்வாதம். இது உண்மை. 2015 நவம்பர் தொடக்கம் வந்த சிரிய அகதிகளைப் பற்றி அடுத்த ஆண்டு அரசு நடத்திய மதிப்பீட்டில், தனியார் அனுசரணையில் வந்த வளர்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையில் இருந்தனர். அரச உதவியில் வந்தோரில் பத்திலொருவரே வேலையில் இருந்தனர். மேற்போக்காக நோக்குவார்க்கு இது தீர்ப்பாகவே தோன்றும்.

ஆனால் இவ்விரு பகுதியினரும் ஒரே நிலையிலிருந்து புறப்பட்டவரல்லர். தனியார் அனுசரணையில் வருவோரைப் பெரும்பாலும் அனுசரணையாளரே பெயர் குறித்து அழைக்கின்றனர். உறவினர், அயலவர், ஒரே சபையினர் எனக் கனடாவில் முன்னரே ஆளுள்ளவரே இவ்வழியில் மிகுதியும் வருகின்றனர். அரச உதவியில் வருவோரைத் தேவையின் கடுமை நோக்கி ஐக்கிய நாடுகள் அமைப்பு முன்மொழிகிறது. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாதுகாப்புத் தேவையைப் புதிய நாட்டில் பிழைக்கவல்ல தகுதிக்கு முன்னே வைத்தது. ஆதலின் பெரிய குடும்பத்தினர், கல்வி குன்றியோர், ஆங்கிலமோ பிரெஞ்சோ அறியாதோர், நோயாளர் ஆகியோர் அரசின் பங்கில் மிகுந்தனர். நோயாளரை அரசாங்க வைத்தியசாலையும் சுகதேகிகளைத் தனியார் வைத்தியசாலையும் ஏற்றுக்கொண்டபின், எங்கு மரணம் குறைவு என்று எண்ணிப் பார்ப்பது நியாயமான ஒப்பீடு ஆகாது.

எனினும் இவ்விளக்கத்தோடு நின்றுவிடுதல் எமக்கு வசதியானதேயன்றி முழு உண்மையாகாது. கல்வி, மொழி, குடும்ப நிலை முதலிய வேறுபாடுகளைக் கணக்கிற் கொண்டு, பல ஆண்டுக்கால வரிப் பதிவேடுகளை ஆராய்ந்த ஆய்வாளர், தனியார் அனுசரணையில் வந்தோருக்கு வேலையிலும் வருமானத்திலும் ஓரளவு மேன்மை எஞ்சியிருப்பதையும், அது பல்லாண்டு நீடிப்பதையும் கண்டனர். கல்வி குறைந்தோரிடத்தே அம்மேன்மை கூடுதலாகத் தோன்றியமை மனங்கொள்ளத்தக்கது. காரணம் ஊகித்தற்கு அரிதன்று. முதலாளித்துவ சமுதாயத்தில் வேலை என்பது விளம்பரத்தின் மூலம் கிடைப்பதினும் அறிமுகத்தின் மூலம் கிடைப்பதே மிகுதி. சான்றிதழில்லாத ஒருவனுக்கு ஐந்து குடும்பங்களின் அறிமுகமே மூலதனம். பல கோவைகளைச் சுமந்து நிற்கும் ஓர் ஊழியர், எவ்வளவு நல்லவராயினும், அந்த ஐவருக்கு ஈடாகார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? அரசு விலகிக்கொள்ள வேண்டும் என்பதா? அன்று. அகதிக்குப் பணம் போதாது, மனிதரும் வேண்டும் என்பதே பாடம். அரசின் உதவியில் வரும், எவரும் பெயர் சொல்லி அழைக்காத அந்தக் குடும்பத்துக்கே அயலவரின் அறிமுகம் அனைவரினும் மிகுதியாக வேண்டும். அத்தகைய இணைப்பு நடைமுறையிற் கூடாததன்று. 2013இல் தொடங்கிய கலப்பு முறையொன்றில், ஐக்கிய நாடுகள் அமைப்பு முன்மொழிந்த அகதிக்கு ஆறு மாதச் செலவை அரசும் ஆறு மாதச் செலவைக் குழுவும் தாங்கின. 2017 ஜனவரி வரை வந்த சுமார் 40,000 சிரியரில் ஏறத்தாழ 4,000 பேர் இவ்வழியில் வந்தனர். அயலவரின் துணையை அவர்கள் தாங்கும் செலவிலிருந்து பிரித்தெடுப்பது அடுத்த படியாக இருந்திருத்தல் வேண்டும்.

நடந்ததோ வேறு. 2012 ஜூனில் அரசு அகதிகளின் மருத்துவ உதவியை வெட்டியது. அரச உதவியில் வந்தோருக்கு மருந்துச் செலவு முன்போல் தொடர்ந்தது. தனியார் அனுசரணையில் வந்தோருக்கு மருந்து, பல், கண் முதலியவற்றுக்கான உதவி நிறுத்தப்பட்டது. ஒரே போரிலிருந்து தப்பிய இருவருள், தேவாலயம் அழைத்தவனின் மருந்துச் செலவைத் தேவாலயமே ஏற்கட்டும் என்பது இதன் பொருள். 2014 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் இவ்வெட்டினை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. 2016 ஏப்ரலிலேயே உதவி முழுமையாக மீண்டது. மக்களின் ஈகையை அரசு தன் சிக்கனத்துக்கு எவ்வாறு பயன்படுத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொகைகளும் இதனையே கூறுகின்றன. 1980இற்குப் பிந்திய நீண்ட காலத்தில் அரசின் பங்கே பெரிதாக இருந்தது. 2018இலோ தனியார் அனுசரணையில் 18,000 பேருக்கு மேல் வர, அரச உதவியில் வந்தோர் 8,000 அளவினரே. 'தனியார்' என்றதும் செல்வந்தரின் உருவம் எம் மனக்கண்ணில் தோன்றுதல் இயல்பு. உண்மையில் அவர்களிற் பலர் சில ஆண்டுகளுக்கு முன் அகதிகளாக வந்தவர்கள். தொழிற்சாலையிலும் உணவகத்திலும் உழைத்துச் சேமித்த பணத்தைக் கொண்டு எஞ்சிய உறவினரை மீட்க முயல்பவர்கள். ஆகவே அரசின் பங்கு சுருங்கி அனுசரணையின் பங்கு பெருகும்போது, சுமை கருவூலத்திலிருந்து உழைப்பாளியின் சட்டைப்பைக்கு மாற்றப்படுகிறது. அதன் மேலும், விண்ணப்பங்கள் தேங்கிவிட்டன என்று கூறி, ஐவர் குழுக்களிடமிருந்தும் சமூக அமைப்புக்களிடமிருந்தும் புதிய விண்ணப்பங்கள் ஏற்பதை 2024 நவம்பரில் அரசு நிறுத்திவைத்தது. சுமையை மக்களிடம் கொடுத்தவர்கள் கதவின் திறவுகோலைக் கொடுக்கவில்லை.

திறவுகோல் எவர் கையில் என்பதே இவ்விவாதத்தின் மையம். நாஸிகளின் கொடுமைக்குத் தப்பியோடிய யூதரைத் தம் செலவிலேயே தாங்குவதாகக் கனடிய யூத மக்கள் அக்காலத்தில் முன்வந்தனர். அன்பிருந்தது; பணமும் இருந்தது. 1939இல் 'சென் லூயிஸ்' கப்பலில் 900இற்கு மேற்பட்டோர் அலைந்து திரிந்தபோதும் கனடிய அரசு கதவைத் திறக்கவில்லை. அண்மைக் காலத்திலும் இதனைக் கண்டோம். அமெரிக்காவில் 2023 ஜனவரியில் கனடாவைப் பின்பற்றித் தனியார் அனுசரணைத் திட்டமொன்று தொடங்கப்பட்டது, பல்லாயிரவர் முன்வந்தனர். 2025 ஜனவரியில் புதிய ஆட்சி அகதிகளின் வருகையை நிறுத்தியதும் அத்திட்டமும் முடிந்தது. ஆர்வலர் அனைவரும் இருந்த இடத்திலேயே இருந்தனர், அகதிதான் வரவில்லை.

இந்நிலையிலேதான் ஷரன் பாலாவின் நாவல் முக்கியத்துவம் பெறுகிறது. 2010 ஆகஸ்டில் 492 தமிழரோடு 'சன் சீ' என்னும் கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்த நிகழ்ச்சி இக்கதைக்கு ஊற்று. மனைவியை இழந்த மகிந்தன் தன் சிறுவன் செல்லியனோடு கரைசேர்கிறான். தந்தையும் மகனும் பிரிக்கப்படுகின்றனர். அவனது விதியைத் தீர்மானிக்கும் கிரேஸ் நகமுரா என்ற பெண், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதே அரசினால் தடுத்துவைக்கப்பட்ட ஜப்பானிய வம்சத்தவள். மகிந்தனை எவரும் தெரிந்தெடுக்கவில்லை. எவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவன் அனுசரணையாளரின் விருந்தாளியல்லன். அரசின் பட்டியலிலும் இல்லாதவன். புகலிடம் கேட்கும் உரிமை ஒன்றே அவன் கையிருப்பு. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையும், விண்ணப்பதாரரை நேரிற் கேளாமல் மறுத்தல் கூடாதென 1985இல் கனடிய உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவ்வுரிமையின் தூண்கள்.

கனடாவில் இன்று வாழும் ஈழத்தமிழரிற் பெருந்தொகையினர் இவ்வழியில் தாமே சென்று புகலிடம் கோரியவர்களும், பின்னர் அவர்கள் அழைத்த குடும்பத்தினருமே என்பதை எமது வாசகர் நன்கறிவர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் காப்பாற்றியவர்கள் ஏழை மீனவர்கள். அம்மீனவரின் மனிதாபிமானம் என்றும் போற்றத்தக்கது. ஆயினும் கரையேறிய பின் அவர்களை அந்நாட்டில் தங்கவைத்தது மீனவரின் அன்பன்று. அரசு அளித்த அனுமதிப் பத்திரம். உரிமையின் கதவு குறுகக் குறுக, அழைப்பின் கதவே போதும் என்பார் குரல் ஓங்குவதை நாம் ஐயத்தோடு நோக்குதல் வேண்டும். அழைக்க ஆளில்லாத மகிந்தர்களுக்கு அக்கதவு ஒருபோதும் திறவாது.

ஆகவே இரு நாவல்களும் காட்டுவது நல்ல மக்களையும் தீய அரசையும் அன்று. ஒரே அரசின் இரு நிலைகளையே அவை காட்டுகின்றன. 'ரு'வில் அரசு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அதனாலேயே மக்களின் அன்பு கண்ணுக்குத் தெரிகிறது. 'படகு மக்க'ளில் அரசு கதவை அடைத்து நிற்கிறது. அதனாலேயே மக்களின் அன்பு செயலற்றுப் போகிறது. முன்னைய நாவலிலே அரசு காணப்படாமையை அரசு இல்லாமையாகக் கருதும் விமர்சகர், விளக்கின் ஒளியை வியந்து எண்ணெயை மறந்தவராவர்.

மக்களின் உதவியையும் அரசின் உதவியையும் மதிப்பிட ஓர் அளவுகோலை நாம் முன்வைக்கிறோம். மக்கள் செய்வது, அரசு செய்யக் கடமைப்பட்டதற்கு மேலதிகமாக இருக்கிறதா, பதிலாக இருக்கிறதா? மேலதிகமாயின் அது தோழமை; அகதியை ஊரின் ஒருவனாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பதிலாயின் அது தருமம். அகதியை என்றென்றும் கடனாளியாக்கும் இயல்பு அதற்கு உண்டு. அனுசரணைக் குழுக்களில் உழைக்கும் நல்லுள்ளங்கள் இதனை எம்மினும் தெளிவாக அறிந்தவர்கள். 1979இல் அரசின் பின்வாங்கலை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களும் அவர்களே. அகதிக்குச் செய்த உதவியோடு நில்லாது, அகதியின் உரிமைக்காக அரசோடு வாதாடியபோதே அவர்கள் புரவலர் நிலையைக் கடந்து தோழராயினர்.

விமர்சகனின் கடமையும் இதனோடு ஒத்ததே. அகதியின் எழுத்தில் நன்றியைத் தேடி மகிழ்வதை விடுத்து, அங்கே சொல்லாது விடப்பட்டது எது, ஏன் சொல்லப்படவில்லை என்று கேட்கப் பழகுவோமாக. பெற்ற உதவியின் குறையை அச்சமின்றிச் சொல்ல வல்லவனாகும் நாளிலேயே ஒருவன் ஒரு நாட்டின் குடிமகனாகிறான். அந்நாளை விரைவுபடுத்தும் எழுத்தே முற்போக்கான எழுத்து; அதனை இனங்கண்டு கூறுவதே முற்போக்கான விமர்சனம்.